மத்தியதரைக் கடலில் ஒரு பேனாக்கத்தி: எட்டு நாள், நான்கு நாடு

அக்டோபர் 6, பார்சிலோனா

கொலம்பஸ் சிலையடியில் பேருந்து ஏறினால் பாலத்தைத் தாண்டிக் கப்பல் முனையம் போய்ச்சேரப் பத்து நிமிடம். அக்டோபரிலும் பகல் வெயில் உறைக்கிறது. முனையத்து வாசலிலேயே பெரிய பெட்டிகளைச் சுமைப் பணியாளர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கைப்பிடியில் கேபின் எண் எழுதிய காகித அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டிகள் தனியாக ஸ்கேனருக்குப் போகும். தோள்பையும் கைப்பையும் நம்மோடு வந்து, விமான நிலையத்தைப் போலவே இன்னொரு ஸ்கேனரில் நுழையும்.

கத்தியோடு கப்பல் ஏறுகிறவர் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், அதை இந்த இரண்டில் எதில் வைப்பது என்பதுதான். பெரிய பெட்டியில் வைப்பதே சரி. ஆனால் அடியில் புதைக்கக் கூடாது. மேலாக, ஒளி ஊடுருவும் ஜிப் பைக்குள், சோப்பு சீப்போடு சேர்த்து வைக்க வேண்டும். திறந்து காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் வேலை முடியும். சார்ஜர் ஒயர்களுக்கு நடுவே உலோகத் துண்டு ஒன்று கிடந்தால்தான் ஸ்கேனர் திரையில் சந்தேகம் கிளம்பும்.

கொண்டுவந்தது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் 91 மில்லிமீட்டர் பேனாக்கத்தி. மடக்கிய நீளம்தான் 91. பெரிய அலகின் நீளம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். பல கப்பல் நிறுவனங்கள் கோடு கிழிக்கும் இடம் 4 அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர். சில நிறுவனங்களில் எந்த நீளத்துக் கத்தியும் கூடாது, 4 அங்குலத்துக்குக் குறைந்த கத்தரிக்கோல் மட்டும்தான். எனவே 'கப்பலில் பேனாக்கத்திக்கு அனுமதி உண்டா' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. ஏறப்போகும் நிறுவனத்தின் தடைப்பட்டியலைப் புறப்படும் வாரத்தில் படித்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் கடைசி வார்த்தை கப்பலின் பாதுகாப்பு அதிகாரியுடையது. விசையில் திறப்பது, பட்டாம்பூச்சிக் கத்தி, இருபுறமும் கூரான குத்துக்கத்தி ஆகியவற்றை எங்கேயும் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம்.

வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தோள்பையை ஸ்கேனரில் வைக்கும் முன்பே, "உள்ளே ஒரு கத்தி இருக்கிறது" என்று சொல்லி எடுத்து மேசைமேல் வைத்தார். மரக் கைப்பிடி போட்ட ஓபினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தி, 12-ஆம் எண். காவலர் கைப்பிடி முடியும் இடத்தில் அளவுகோலை வைத்து நுனிவரை அளந்தார். 12 சென்டிமீட்டர். கூடாது. அதட்டல் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. இரட்டைச் சீட்டு எழுதி ஒரு பாதியைக் கத்தியோடு கட்டினார், மறுபாதியைப் பெரியவரிடம் தந்தார். இறங்கும் நாள் காலையில் திரும்பக் கிடைக்கும். முன்கூட்டிச் சொன்னதால்தான் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஸ்கேனர் கண்டுபிடித்த பிறகு சொல்வது வேறு கதையாகிவிடும். அந்த 12-ஆம் எண் ஸ்பெயின் சட்டத்துக்கும் ஒத்து வராது. 1993-ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குமுறை ஆணை, அலகு 11 சென்டிமீட்டரைத் தாண்டிய மடக்குக் கத்திகளைத் தடை செய்கிறது.

மாலை ஆறு மணிக்குள் பக்கத்துக் கேபின்களுக்கெல்லாம் பெட்டி வந்துவிட்டது. எங்கள் பெட்டி வரவில்லை. எட்டு மணிக்குக் கதவிடுக்கில் ஒரு கடிதம்: கீழ்த்தளத்தில் உள்ள அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டவும். கத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால், கத்தியை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிடித்து வைத்தது மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் போர்டை! காரணம் நியாயமானது. வீட்டு மின்சாரத்தில் நியூட்ரல் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். கப்பலில் பெரும்பாலும் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலுமே அழுத்தம் உண்டு. பழுது ஏற்படும்போது போர்டுக்குள் இருக்கும் அந்தப் பாதுகாப்பு உறுப்பே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இலேயே இதைப்பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அந்த அறையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தவை: துணி தேய்க்கும் பெட்டிகள் ஏழெட்டு, மின் கெட்டில்கள் நான்கு, மெழுகுவர்த்தி, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று. நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் கத்தியைவிட இவற்றைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். நாலைந்து யூஎஸ்பி துளையுள்ள சாதாரண சார்ஜர் போதும்.

அக்டோபர் 7, மார்செய்

கப்பல் நிற்கும் இடம் ஊருக்கு வடக்கே வெகுதொலைவு. எல்லோரும் பழைய துறைமுகத்துக்கு ஓடுகிறார்கள். எதிர்த்திசையில் லெஸ்டாக் என்கிற மீனவர் பகுதி இருக்கிறது. கரையோரச் சிறு கடைகளில் பனீஸ் பொரித்துக் கொடுப்பார்கள். கடலை மாவைக் கூழாகக் கிண்டி, உருளையாக ஆறவைத்து, அரை விரல் கனத்தில் வில்லை போட்டு எண்ணெயில் பொரிப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போலக் குழைவு, தூவியது உப்பு மட்டுமே. காகிதக் கூம்பில் ஒரு டஜன் 4 யூரோ. சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடைக்காரம்மா ஆறின உருளையை வில்லை போட எடுத்தது கைப்பிடி கறுத்துப்போன ஒரு ஓபினெல். கேட்டதும் துடைத்துக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அந்தக் கத்தி பிறந்தது இதே பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில். 1890-இல் ஜோசப் ஓபினெல் செய்யத் தொடங்கியது. அளவுக்கு ஏற்ப எண் கொடுத்திருப்பதால் பயணிக்கு மிக வசதி. 4-ஆம் எண்ணுக்கு அலகு 5 சென்டிமீட்டர், 5-ஆம் எண்ணுக்கு 6, 6-ஆம் எண்ணுக்கு 7, 8-ஆம் எண்ணுக்கு 8.5. இதில் கவனிக்க வேண்டியது நீளத்தைவிடக் கைப்பிடிக் கழுத்தில் சுழலும் வளையம். 1955-இல் வந்த இந்தப் பூட்டு 6-ஆம் எண்ணிலிருந்துதான் உண்டு. 5-ஆம் எண்ணிலும் அதற்குக் கீழும் வளையம் கிடையாது.

ஏன் இது முக்கியம்? பூட்டிக்கொள்ளும் கத்தியையும் பூட்டாத கத்தியையும் சில நாட்டுச் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கிறது. சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறுகிறவர்களுக்குப் பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத, பூட்டாத மடக்குக் கத்தியைத் தெருவில் வைத்திருக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்டியாக வேண்டும். ஆக, 7 சென்டிமீட்டர் விக்டோரினாக்ஸ் தேறிவிடும். அதே 7 சென்டிமீட்டர் உள்ள ஓபினெல் 6 தேறாது. பிரான்சில் நீளக் கணக்கே இல்லை. எந்தக் கத்தியானாலும் நியாயமான காரணமின்றி வெளியே எடுத்துப்போகக் கூடாது. பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருக்கும்போது உள்ள கத்தி வேறு, இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் கால்சட்டைப் பையில் உள்ள கத்தி வேறு.

ஊருக்குள் வீட்டுச்சாமான் கடை ஒன்றில் துருப்பிடிக்காத எஃகில் 5-ஆம் எண் 13 யூரோவுக்குக் கிடைத்தது. வாங்குவதென்றால் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், பில்லோடு, பையின் அடியில் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுவர வேண்டும். கப்பலுக்குள் ஏறும் நடைபாலமான கேங்வேயில் காவலர் பில்லைப் பார்த்தார், அட்டையில் அச்சிட்ட நீளத்தைப் பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார். பின்னால் வந்த அம்மா மகளுக்குக் கல்யாணப் பரிசாக ஆறு கத்திகள் கொண்ட லகியோல் மேசைக்கத்திப் பெட்டி வாங்கியிருந்தார். ஒவ்வொன்றும் 11 சென்டிமீட்டருக்கு மேல். பெட்டி முழுவதும், பயணம் முடியும் பார்சிலோனா வரை காவலில். 'சாப்பாட்டு மேசையில் நீங்களே இதைவிட நீளமான கத்தி போடுகிறீர்களே' என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்விதான். மேசைக்கத்தி கப்பலின் சொத்து, உணவுக்கூடத்தோடு அதன் வேலை முடிந்தது. வாசலில் நிற்பவருடைய பொறுப்பு வெளியிலிருந்து உள்ளே வருவது. அவரிடம் இருப்பது ஒரு பட்டியல். ஆளைப் பார்த்துப் பட்டியலைத் தளர்த்தினால் பட்டியல் எதற்கு?

மாலையில் காற்று பலமாக வீசியது. மேல்தளத்தில் நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள்.

அக்டோபர் 8, ஜெனோவா

விடிந்ததிலிருந்து மழை. கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்பதால் குடையோடு நடந்தே போகலாம். இந்தத் துறைமுகத்தில் நிற்கும்போது, கேங்வேயில் பையைத் திறந்து காட்டச் சொல்லும் அந்தக் காவலர் ஏன் அங்கே நிற்கிறார் என்பது நினைவுக்கு வந்தே தீரும்.

1985 அக்டோபர் 3-ஆம் தேதி இதே ஜெனோவாவிலிருந்து அகில்லே லாவ்ரோ என்ற இத்தாலியப் பயணக் கப்பல் புறப்பட்டது. அலெக்சாண்ட்ரியாவில் பெரும்பாலான பயணிகள் பிரமிடு பார்க்க இறங்கிவிட்டார்கள். சயீத் துறைமுகத்தில் மறுபடி ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. 7-ஆம் தேதி, எகிப்துக் கரையோரத்தில், பயணிகளாகவே ஏறியிருந்த நான்கு பாலஸ்தீன ஆயுததாரிகள் கப்பலைக் கைப்பற்றினார்கள். மறுநாள், அதாவது இதே அக்டோபர் 8-ஆம் தேதி, சக்கர நாற்காலியில் இருந்த 69 வயது அமெரிக்கப் பயணி லியோன் கிளிங்ஹாஃபரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். துப்பாக்கிகளோடு அவர்கள் சாதாரணமாகச் சீட்டு வாங்கிக் கப்பல் ஏற முடிந்தது. அந்தக் காலத்தில் பயணக் கப்பலுக்கு இன்றைக்குள்ளதுபோன்ற சோதனை முறை கிடையாது.

1986-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பயணிகள் கப்பலுக்கான பாதுகாப்பு நடவடிக்கைகளை வகுத்தது. 1988 மார்ச்சில் ரோமில் கப்பல்களுக்கு எதிரான வன்செயல்களைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002 டிசம்பரில் கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பை ஏற்றார்கள். 2004 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு கப்பலுக்கும் எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம், அதை நடத்த ஓர் அதிகாரி, ஏறும் ஆளுக்கும் பொருளுக்கும் சோதனை, எல்லாம் அந்தத் தொகுப்பில் வருபவை. ஏழு சென்டிமீட்டர் கத்திக்காக வரிசையில் நிற்க நேரும்போது இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது. நாம் அங்கே கோபப்பட ஒன்றுமில்லை.

இத்தாலியில் தெருவுக்கான சட்டம் 1975-ஆம் ஆண்டின் 110-ஆம் எண் சட்டம். நியாயமான காரணம் இன்றி, வீட்டுக்கு வெளியே வெட்டும் குத்தும் கருவிகளை எடுத்துப்போகக் கூடாது. எனவே கத்தி கேபினிலேயே தங்கிவிட்டது. இன்று அது தேவைப்படவும் இல்லை.

ஏனென்றால் சோத்தோரிப்பா வளைவு மண்டபங்களின் கீழ் கிடைக்கும் ஃபரினாட்டாவைக் கடைக்காரரே வெட்டிக் கொடுத்துவிடுகிறார். இதுவும் கடலை மாவுதான். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். குறைந்தது நான்கு மணி நேரம் ஊறவிட்டு, மேலே திரளும் நுரையை அகற்றி, உப்பும் தாராளமாக ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, வெள்ளீயம் பூசிய பெரிய வட்டச் செப்புத் தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுகிறார்கள். விறகு அடுப்பின் வாயில் தட்டைத் தள்ளி, மாவு சமமாகப் பரவ நீளக் கொக்கியால் இழுத்து இழுத்துத் திருப்புகிறார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேல்பரப்பு பொன்னிறத்தில் கொப்புளித்து வரும். நுரையை எடுக்காமல் விட்டால் மேலே கரிந்து கசக்கும். நம் அடையைப் போலிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மெல்லியது, உள்ளே கிட்டத்தட்டக் களி. மேலே மிளகை அரைத்துத் தூவினால் ருசியே வேறு. ஒரு பெரிய துண்டு 2.50 யூரோ. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் உட்கார இடம் கேட்டதும், அறிமுகமில்லாத இரண்டு பாட்டிகள் தங்கள் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்டோபர் 9, சிவிதவெக்கியா, ரோம்

துறைமுகத்து இலவசப் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே வரை. அங்கிருந்து ரயில் நிலையம் இருபது நிமிட நடை. சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கினால் வத்திக்கான் நடை தூரம், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயில், மெட்ரோ, பேருந்து மூன்றுக்கும் சேர்த்து நாள் சீட்டு 12 யூரோ.

கத்தியைக் கேபினில் விட்டே தீர வேண்டிய நாள் இது. வத்திக்கான் அருங்காட்சியகத்திலும் பேதுரு பேராலயத்திலும் கொலோசியத்திலும் ஸ்கேனர் உண்டு, எந்த அளவுக் கத்தியும் உள்ளே போகாது. அருங்காட்சியகச் சீட்டு 20 யூரோ, முன்பதிவுக்கு 5 சேர்த்து 25, நுழையும் நேரம் குறித்தது. வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் சாவிக்கொத்தில் விக்டோரினாக்ஸின் 58 மில்லிமீட்டர் கிளாசிக் பேனாக்கத்தி தொங்கியது. இருபது கிராமுக்குச் சற்று அதிகமான எடைதான். நகம் வெட்டவும் நூல் நறுக்கவும் மூன்று வருடமாகத் தொங்குகிறது, அது கத்தி என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. காவலர் தன்மையாகத்தான் சொன்னார், ஆனால் வரிசையை விட்டு வெளியே வரச் சொன்னார். அந்த நேரச் சீட்டு கையை விட்டுப் போகப் பார்த்தது. கடைசியில், உள்ளே வராத உறவினர் ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே நின்றார். கத்தி எவ்வளவு சின்னதோ அவ்வளவு எளிதில் மறந்துபோகும். சாவிக்கொத்தில் தொங்குவதைப் பயணத்துக்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

மதியத்துக்குத் துண்டு பீட்சா. நீளத் தட்டில் இருப்பதில் எவ்வளவு வேண்டுமென்று கையால் காட்டினால், கடைக்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி நிறுத்துக் கொடுப்பார். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது 300 கிராம், 5 யூரோ. புழுக்கம் தாங்கவில்லை. நிழலில் நின்றே சாப்பிட்டு, அரைமணி முன்னதாகவே ரயில் பிடிக்கக் கிளம்பினோம். கப்பல் காத்திருக்காது.

அக்டோபர் 10, பலேர்மோ

பல்லாரோ சந்தையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது சப்பாத்திக்கள்ளிப் பழம். மெக்சிகோவிலிருந்து வந்த செடி சிசிலியில் வேலியெல்லாம் படர்ந்து ஊர்ப்பழமாகவே ஆகிவிட்டது. நம் பக்கத்தில் தரிசு நிலத்தில் காய்க்கும் சின்னச் சிவப்புப் பழத்தின் உறவு, ஆனால் கோழிமுட்டையைவிடப் பெரியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று நிறம். அக்டோபரில் வருவது இரண்டாம் காய்ப்பு. மே கடைசி, ஜூனில் முதல் பூக்களைக் கையால் உதிர்த்துவிடுகிறார்கள். செடி மறுபடி பூத்து, இலையுதிர் கால மழையில் பருத்து, சாறு மிகுந்து, விதை குறைந்து பழுக்கிறது.

தோல் உரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழத்தின் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத பூமுள் கொத்து. விரலில் ஏறினால் இரண்டு நாள் உறுத்தும். கடைக்காரர் பழங்களைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் போட்டு விளக்குமாற்றால் புரட்டியிருந்தார். தடித்த கையுறை போட்ட இடது கையில் பழத்தைக் கிடத்தினார். சின்னக் கத்தியால் இரு முனையிலும் ஒரு விரற்கடை அரிந்து தள்ளினார். நீளவாக்கில் தோல் மட்டும் பிளக்கும் ஆழத்துக்கு ஒரே கீறல். கீறலில் அலகைச் சாய்த்து நுழைத்துத் தோலை ஒருபுறம் நெம்பி, கத்தி முதுகால் அதைப் பலகையோடு அழுத்திக்கொண்டு பழத்தை உருட்டிவிட்டார். தோல் பாய்போல விரிந்து கிடக்க, பழம் தானாக வெளியே உருண்டது. பத்து விநாடிகூட ஆகவில்லை. அந்தக் கத்தியின் அலகு 6 சென்டிமீட்டருக்கு மேல் இராது. இந்த வேலைக்கு நீளமான கத்தி உதவாது, நுனி பழத்துக்குள் போய்விடும்.

மூன்று பழம் 2 யூரோ. விதையை மெல்லாமல் விழுங்க வேண்டும். ஆசைப்பட்டு ஏழெட்டு தின்றால் மலச்சிக்கல் நிச்சயம், கடைக்காரரே வயிற்றைத் தடவிக் காட்டி எச்சரித்தார். கப்பலுக்கு வாங்கிப் போகலாம் என்றால் வேண்டாம். வெளியிலிருந்து பழம், காய் கொண்டுவருவதைக் கப்பல்கள் பொதுவாக விரும்புவதில்லை. கேபினில் பழம் நறுக்கத்தான் கத்தி என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இதை முன்னமே தெரிந்துகொள்வது நல்லது. கப்பல் உணவுக்கூடத்தில் எடுக்கும் ஆப்பிளும் ஆரஞ்சும்தான் நறுக்கக் கிடைக்கும். கேட்டால் அவற்றையும் அங்கேயே வெட்டித் தந்துவிடுவார்கள்.

பக்கத்துக் கடையில் பனெல்லே. மறுபடியும் கடலை மாவு! கூழாகக் கிண்டி, மெல்லிய தகடாகத் தடவி, ஆறியதும் சதுரமாக வெட்டிப் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் அடுக்கி எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். 2.50 யூரோ. மார்செய் வில்லை, ஜெனோவாத் தட்டு, பலேர்மோத் தகடு மூன்றையும் வரிசையாகச் சாப்பிட்டுப் பார்த்ததில் என் ஓட்டு பலேர்மோவுக்கு. எலுமிச்சையும் எள்ளும் சேர்வதுதான் காரணம்.

அக்டோபர் 11, வலெத்தா, மால்டா

வெயில், ஏறுபடி, சுண்ணாம்புக்கல் கோட்டை. துறைமுகத்திலிருந்து மேலே போக பராக்கா லிஃப்ட்டுக்கு 1 யூரோ. பட்டாணி மசியல் வைத்த பஸ்தித்சி ஒன்று 80 சென்ட், சூட்டில் கடித்தால் நாக்கு வெந்துவிடும். கத்தி கேபினில்.

அக்டோபர் 12, கடலில்

கரை தெரியாத நாள். மேற்கிலிருந்து அலை, கப்பல் மெதுவாகத் தலையாட்டுகிறது. கத்தியைப் பேணுவதற்கு உகந்த நாளும் இதுதான், கடற்காற்று எஃகுக்கு ஆகாது.

விக்டோரினாக்ஸுக்கு வேண்டியது குறைவு. கைகழுவும் தொட்டியில் வெந்நீர் பிடித்து, எல்லா அலகையும் திறந்து முக்கி, தண்ணீருக்குள்ளேயே பத்து முறை திறந்து மூடினால் கீலில் ஒட்டிய பழச்சாறும் நூல்தூசியும் வெளியேறும். உதறி, துண்டால் ஒற்றி, திறந்தபடி ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். பிறகு கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். சமையல் எண்ணெய் விடக்கூடாது, நாளடைவில் பிசுபிசுத்துக் கீல் இறுகும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் நல்லது, நாக்கில் பட்டாலும் தீங்கில்லை.

ஓபினெலின் சிக்கல் வேறு, அது மரம். முந்தின இரவு பால்கனி மேசையில் ஆப்பிள் நறுக்கி, மடக்கி, அங்கேயே வைத்தது. காலையில் அலகு வெளியே வர மறுத்தது. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கைப்பிடி உப்பி, பிளவின் இரு சுவரும் அலகைக் கவ்விக்கொண்டிருந்தன. நகத்தால் இழுத்தால் நகம் பிளக்கும், இடுக்கி போட்டால் அலகில் கீறல் விழும். சவோய்க்காரர்கள் செய்வதே வழி. கைப்பிடியின் கழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அடிமுனையின் விளிம்பைக் கெட்டியான இடத்தில் 'டக்' என்று ஒரு தட்டு. அலகு நெல்லளவு எட்டிப் பார்க்கும். அங்கே பிடித்துத் திறந்துவிடலாம். பிறகு திறந்த நிலையிலேயே அலமாரிக்குள் ஒரு நாள் காயவிட வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் இடம் கூடாது, மரம் வெடிக்கும். கார்பன் எஃகு வகை வாங்கியவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எலுமிச்சை நறுக்கிய உடனே துடைக்காவிட்டால் அலகு சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். உப்புக்காற்றில் ஓரிரவு போதும், துருப்புள்ளி விழ. கடல் பயணத்துக்குத் துருப்பிடிக்காத வகையே மேல்.

இரவு பதினொரு மணிக்குள் பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். நாளைக் காலை பல் துலக்க, உடை மாற்ற, மருந்து சாப்பிட வேண்டியதெல்லாம் தோள்பைக்குப் போகும்போது, அந்த ஜிப் பையும் பழக்கத்தில் கூடவே போய்விடும். விமான நிலையத்தில் அது பிடிபடும்போது பெட்டி உள்ளே போயிருக்கும். கத்தியை முதலில் பெட்டியில் வைத்து, பூட்டி, அதற்குப் பிறகுதான் தோள்பையைத் திறக்க வேண்டும். கைப்பையோடு மட்டும் பயணம் செய்கிறவர்கள் கத்தியைக் கிளம்பும்போதே வீட்டில் விட்டுவிடுவது நல்லது.

அக்டோபர் 13, பார்சிலோனா

ஏழரை மணிக்கு இறங்கினோம். பெட்டிகள் கூடத்தில் நிற வாரியாக அடுக்கியிருந்தன. வெளியேறும் வாசலுக்கு முன்னால் ஒரு நீள மேசை, அதன்மேல் வாரம் முழுவதும் பிடித்து வைத்தவை: கெட்டில்கள், தேய்ப்புப் பெட்டிகள், எங்கள் எக்ஸ்டென்ஷன் போர்டு, அந்த அம்மாவின் மேசைக்கத்திப் பெட்டி. சீட்டு இருந்தவர்களுக்கு ஒரு நிமிடம். தொலைத்தவர்களைத் தனியாக நிறுத்திக் கேபின் எண், பாஸ்போர்ட் எல்லாம் பார்த்தார்கள். சீட்டைக் கொடுத்த அன்றே போனில் படம் எடுத்து வைப்பது உதவும்.

விமானத்துக்கு மறுபடி வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கேபின் பையில் கூடாதது 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகு. அதன்படி 5-ஆம் எண் ஓபினெல் எல்லைக் கோட்டிலேயே நிற்கும், ஆனால் ஸ்கேனர் முன் நிற்கும் அதிகாரி மறுத்தால் மறுத்ததுதான். வழியில் வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறினால் அங்கே இன்னொரு சோதனை, இன்னொரு பட்டியல். இந்தியாவில் ஏறும்போது கேபின் பையில் எந்தக் கத்தியும் ஆகாது. இரண்டையும் துணி மடிப்புக்குள் வைத்துப் பெட்டியில் அனுப்புவதைத் தவிர வேறு யோசனை தேவையில்லை.

அந்தப் பெரியவர் எங்களுக்கு முன்பாகவே 12-ஆம் எண்ணைத் திரும்ப வாங்கியிருந்தார். வாசலைத் தாண்டும் முன் சுவரோரம் பெட்டியைக் கிடத்தித் திறந்தார். வளையம் பூட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். கம்பளிக் காலுறைக்குள் கத்தியை நுழைத்து, காலுறையைச் சப்பாத்துக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி எழுந்தார். வெளியே டாக்சி வரிசை நூறு மீட்டருக்கு நீண்டிருந்தது.